கட்டளை வரியிலிருந்து கண்டெய்னருக்குள் செயலிகளை இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் டெர்மினலில், கண்டெய்னர்களை இயக்கும் கருவிகளான டாக்கர் அல்லது பாட்மேன் பயன்படுத்துபவர்களுக்கான பக்கம் இது. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஓரெழுத்துச் சுருக்கங்களுக்குப் பதிலாக நீளமான விருப்பங்களையே எழுதியிருக்கிறோம். ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்டைத் திறக்கும்போது அவைதான் பார்த்தவுடன் புரியும். டாக்கர் என்ற இடத்தில் பாட்மேன் என்று போட்டாலும் பெரும்பாலானவை அப்படியே ஓடும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கண்டெய்னர் என்பது ஒரு குட்டி மெய்நிகர் கணினியா?

இல்லை. உங்கள் கணினியின் கெர்னல்மீதே, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியின்மீதே, ஓடும் சாதாரண புராசஸ்தான் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான்) அது. ஹோஸ்டில், அதாவது கண்டெய்னரை இயக்கும் உங்கள் கணினியில், எல்லா புராசஸ்களையும் பட்டியலிடும்படி பிஎஸ் கட்டளை கொடுத்தால், கண்டெய்னருக்குள் ஓடும் செயலியும் மற்றவற்றோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த புராசஸின் கண்ணுக்கு எதெல்லாம் தெரியும் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. அது எவ்வளவு நினைவகமும் சிபியு நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. இமேஜ் என்பது அந்த புராசஸுக்கு வேர்க் கோப்புறையாகக் காட்டப்படும் கோப்புகளின் அடுக்கு. அவ்வளவுதான்.

இவை எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. வேர்க் கோப்புறையை மாற்றிக் காட்டும் சிரூட் 1979இலேயே யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்தது. லினக்ஸில் மவுண்ட் நேம்ஸ்பேஸ் 2002இலும், சிகுரூப் 2008இல் 2.6.24 கெர்னலோடும் வந்தன. யூசர் நேம்ஸ்பேஸ் 2013இல் 3.8 கெர்னலில் முழுமை பெற்றது. அதே 2013 மார்ச்சில் வெளிவந்த டாக்கர், இருந்த பாகங்களை ஒரே கட்டளைக்குள் கோத்துத் தந்தது.

டாக்கர் இல்லாமலேயே இதைக் கையால் செய்து பார்க்கலாம்:

சூடோ அன்ஷேர் --ஃபோர்க் --பிஐடி --மவுண்ட்-ப்ராக் பாஷ்

திறக்கும் ஷெல்லில் பிஎஸ் கொடுங்கள். பாஷ் 1 என்ற எண்ணோடு இருக்கும். ஹோஸ்டின் மற்ற புராசஸ்கள் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கோப்புகள் எல்லாம் ஹோஸ்டினுடையவை, நெட்வொர்க்கும் ஹோஸ்டினுடையது. நேம்ஸ்பேஸ்கள் தனித்தனிக் கதவுகள். நீங்கள் மூடியது ஒன்றிரண்டை மட்டும்தான். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கும்.

மேக்கிலும் விண்டோஸிலும் லினக்ஸ் கெர்னல் கிடையாது. அங்கே ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி பின்னால் ஓடுகிறது. கண்டெய்னர்கள் அதற்குள் இருக்கின்றன. கோப்புறைப் பகிர்வு அங்கே மெதுவாக இருப்பதற்கும், நினைவக வரம்பு அந்த மெய்நிகர் கணினியின் அளவைத் தாண்டாததற்கும் காரணம் இதுவே.

முதல் கண்டெய்னரை எப்படி இயக்குவது?

டாக்கர் ரன் --ஆர்எம் --இன்டராக்டிவ் --டிடிஒய் உபுண்டு:24.04 பாஷ்

இன்டராக்டிவ் என்பது உங்கள் விசைப்பலகையை உள்ளே இணைத்து வைக்கிறது. டிடிஒய் ஒரு டெர்மினலை உருவாக்கித் தருகிறது. ஆர்எம் என்பது, வேலை முடிந்ததும் கண்டெய்னரை நீக்கச் சொல்கிறது. குழாய் வழியாகத் தரவு அனுப்பும்போது டிடிஒய் வேண்டாம், இன்டராக்டிவ் மட்டும் போதும். இரண்டையும் பழக்கத்தில் சேர்த்துப் போட்டால், உள்ளீடு டெர்மினல் அல்ல என்று பிழை வரும். தானியங்கி ஸ்கிரிப்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

பாட்மேனில் இமேஜ் பெயரை முழுதாக எழுதுங்கள்: டாக்கர்.ஐஓ/லைப்ரரி/உபுண்டு:24.04. சுருக்கப் பெயர் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்ற குழப்பம் அதோடு தீரும்.

ரன், ஸ்டார்ட், எக்ஸெக்: எது எப்போது?

ரன் ஒவ்வொரு முறையும் புதுக் கண்டெய்னரை உருவாக்கி ஓடவிடும். ஸ்டார்ட் ஏற்கெனவே இருந்து நின்றுபோனதை மீண்டும் ஓடவிடும். எக்ஸெக், ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்குள் இன்னொரு புராசஸைச் சேர்க்கும். "நேற்று உள்ளே நிறுவியதெல்லாம் இன்று காணோம்" என்பவர்கள் அநேகமாக ரன்னை இரண்டாம் முறை கொடுத்திருப்பார்கள். ஆர்எம் போடாமல் ஓட்டியிருந்தால் பழையது அழியவில்லை. டாக்கர் பிஎஸ் --ஆல் கொடுத்தால் நின்ற நிலையில் கிடைக்கும்.

விருப்பத்தைச் சரியாகக் கொடுத்தும் வேலை செய்யவில்லையே?

இடத்தைப் பாருங்கள். இமேஜ் பெயருக்கு முன்னால் வருவது டாக்கருக்கு. பின்னால் வருவது உள்ளே ஓடும் செயலிக்கு. இமேஜ் பெயருக்குப் பிறகு --மெமரி 512எம் என்று எழுதினால் டாக்கர் அதைக் கண்டுகொள்ளாது, செயலிக்கு அப்படியே தள்ளிவிடும். செயலி அந்தச் சொல்லைப் புறக்கணிக்கும் ரகமாக இருந்தால் பிழைச் செய்திகூட வராது. வரம்பு போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

கண்டெய்னர் தொடங்கிய நொடியே நின்றுவிடுகிறது. ஏன்?

முதன்மை புராசஸ் முடிந்தால் கண்டெய்னரும் முடியும். செயலி தன்னைப் பின்னணிக்குத் தள்ளிக்கொள்ளும் வகையாக இருந்தால், முன்னால் நின்ற புராசஸ் வெளியேறியதும் எல்லாம் நின்றுவிடும். செயலியின் அமைப்புகளில் முன்னணியிலேயே ஓடும் வழியைத் தேடி இயக்குங்கள். பின்னணியில் வேண்டுமென்றால் அந்த வேலையை டாக்கரிடம் விடுங்கள், அதற்குத்தான் --டிடாச். பிறகு டாக்கர் லாக்ஸ் கொடுத்து என்ன சொல்லிவிட்டு நின்றது என்று படியுங்கள், டாக்கர் பிஎஸ் --ஆல் காட்டும் வெளியேற்ற எண்ணையும் பாருங்கள்.

125 என்றால் டாக்கரே தடுமாறியிருக்கிறது. பெரும்பாலும் தவறான விருப்பம். 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க அனுமதி இல்லை. 127 என்றால் அந்தக் கட்டளையே உள்ளே இல்லை. 128க்கு மேற்பட்ட எண்ணிலிருந்து 128ஐக் கழித்தால் புராசஸைக் கொன்ற சிக்னலின் (கெர்னல் வழியாக புராசஸுக்கு வரும் அறிவிப்பின்) எண் கிடைக்கும். 137 என்பது 9, அதாவது உடனே கொல்லும் சிக்கில்; 143 என்பது 15, வெளியேறச் சொல்லும் சிக்டெர்ம்; 139 என்பது 11, நினைவக அத்துமீறல்.

127இல் ஒரு சூட்சுமம் உண்டு. கோப்பு கண்முன்னே இருக்கும், ஆனாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றே செய்தி வரும். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டாக இருந்தால் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். கெர்னல் அந்த எழுத்தையும் சேர்த்தே, ஸ்கிரிப்டை இயக்கும் நிரலின் பெயராகத் தேடுகிறது, கிடைப்பதில்லை. வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் சரியாக 10 நொடி காத்திருக்கிறதே?

ஸ்டாப் முதலில் சிக்டெர்ம் அனுப்புகிறது. 10 நொடிக்குள் புராசஸ் வெளியேறவில்லை என்றால் சிக்கில் அனுப்பிக் கொன்றுவிடுகிறது. 10 நொடி முழுதாகக் கழிகிறது என்றால், உங்கள் செயலி முதல் சிக்னலைக் கேட்கவே இல்லை என்று பொருள். இது வெறும் தாமதம் என்று விட்டுவிடாதீர்கள். தரவுத்தளமோ வரிசைச் செயலியோ பாதி எழுதிய நிலையில் வெட்டுப்படுகிறது.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, இமேஜை உருவாக்கும் செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்பு இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் /பின்/எஸ்எச் முதலில் ஓடி, அதன் குழந்தையாகச் செயலி ஓடக்கூடும். சிக்னல் ஷெல்லுக்குப் போகும். ஷெல் அதைக் குழந்தைக்குக் கடத்தாது. கட்டளையையும் அதன் சொற்களையும் சதுர அடைப்புக்குள் தனித்தனி மேற்கோளில் எழுதுங்கள். தொடக்க ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், கடைசி வரியில் செயலியின் பெயருக்கு முன் எக்ஸெக் என்று சேருங்கள். ஷெல் விலகிச் செயலிக்கே இடம் கொடுக்கும்.

இரண்டாவது, எண் 1 உடைய புராசஸை கெர்னல் தனியாக நடத்துகிறது. மற்ற புராசஸ்கள் சிக்டெர்முக்கு எதுவும் எழுதாமலேயே இயல்பாக இறந்துவிடும். எண் 1 அப்படியல்ல. அந்தச் சிக்னலுக்கென்று நிரல் எழுதியிருந்தால்தான் அதன் காதில் விழும். ரன் கட்டளையில் --இனிட் சேர்த்தால், ஒரு சிறு புராசஸ் எண் 1ஆக அமர்ந்து சிக்னலைக் கடத்தும், முடிந்துபோன குழந்தைப் புராசஸ்களையும் துடைத்தெடுக்கும்.

போர்ட்டைத் திறந்தேன், பிரவுசரில் எதுவும் வரவில்லை.

டாக்கர் ரன் --டிடாச் --நேம் வெப் --பப்ளிஷ் 127.0.0.1:8080:80 என்ஜின்எக்ஸ்

இடப்பக்கம் ஹோஸ்டின் போர்ட், வலப்பக்கம் கண்டெய்னரின் போர்ட். முதலில் இந்த வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தும் வரவில்லை என்றால், செயலி கண்டெய்னருக்குள் 127.0.0.1 முகவரியில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். பல நிரல் மொழிகளின் சோதனைச் சர்வர்கள் இயல்பாக அப்படித்தான் தொடங்கும். கண்டெய்னருக்கென்று தனி நெட்வொர்க் இருப்பதால் உள்ளே இருக்கும் 127.0.0.1 வேறு, ஹோஸ்டின் 127.0.0.1 வேறு. செயலியை 0.0.0.0 முகவரியில் கேட்கவையுங்கள்.

மேலே ஹோஸ்ட் பக்கமும் 127.0.0.1 எழுதியது வேண்டுமென்றேதான். அதை விட்டுவிட்டு 8080:80 என்று மட்டும் எழுதினால் எல்லா இடைமுகங்களிலும் போர்ட் திறக்கும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்திருப்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். டாக்கர் எழுதும் ஐபிடேபிள்ஸ் விதிகள் அதன் விதிகளுக்கு முன்பே பாக்கெட்டைத் திருப்பிவிடுகின்றன. ஃபயர்வால் "மூடியிருக்கிறது" என்று காட்டும்போதே தரவுத்தளம் வெளி உலகுக்குத் திறந்து கிடந்த சர்வர்கள் உண்டு.

இரண்டு கண்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்க முடியுமா?

முடியும், ஆனால் இயல்பான பிரிட்ஜ் நெட்வொர்க்கில் அல்ல. டாக்கர் நெட்வொர்க் கிரியேட் கொடுத்து நீங்களாக ஒன்றை உருவாக்குங்கள்; இரண்டையும் --நெட்வொர்க் விருப்பத்தால் அதில் சேருங்கள். அப்போது 127.0.0.11 முகவரியில் டாக்கரின் டிஎன்எஸ் கிடைக்கும், கண்டெய்னர் பெயரே முகவரியாக வேலை செய்யும். இந்த உள்பேச்சுக்கு பப்ளிஷ் தேவையே இல்லை. அது ஹோஸ்டிலிருந்தும் வெளியிலிருந்தும் வருபவர்களுக்கு மட்டும்.

தரவு அழியாமல் எங்கே வைப்பது?

கண்டெய்னரின் எழுதும் அடுக்கு அந்தக் கண்டெய்னரோடு போய்விடும். நிலைக்க வேண்டியதை வால்யூமிலோ ஹோஸ்ட் கோப்புறையிலோ வையுங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நடத்தை வேறு.

--வால்யூம் தரவு:/ஆப்/டேட்டா என்று வெறும் பெயர் கொடுத்தால் அது டாக்கர் பராமரிக்கும் வால்யூம். ஹோஸ்டில் /வார்/லிப்/டாக்கர்/வால்யூம்ஸ் கீழே இருக்கும். நீங்கள் தட்டும் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். வால்யூம் காலியாக இருந்தால், இமேஜில் அந்த இடத்தில் உள்ள கோப்புகளை டாக்கர் அதற்குள் முதலில் நகலெடுத்து வைக்கும். சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதை கொடுத்தால் அது ஹோஸ்ட் கோப்புறை. அங்கே நகல் எதுவும் நடக்காது. காலிக் கோப்புறையைப் பொருத்தினால் இமேஜின் கோப்புகளை அது மறைத்துவிடும். "இமேஜில் இருந்த அமைப்புக் கோப்பு மாயமாகிவிட்டது" என்ற புகாருக்கு இதுதான் விடை.

பாதையில் எழுத்துப்பிழை இருந்தால் --வால்யூம் அந்தப் பெயரிலேயே ஒரு காலிக் கோப்புறையை, முழு அதிகாரப் பயனரான ரூட்டின் உடைமையாக உருவாக்கிவிடும். --மவுண்ட் விருப்பம் அப்படிச் செய்யாமல் பிழை சொல்லி நிற்கும். ஸ்கிரிப்டுகளில் மவுண்டையே பயன்படுத்துங்கள் என்போம். செயலி படிக்க மட்டும் வேண்டிய கோப்புறைக்கு, --வால்யூம் என்றால் பாதையின் கடைசியில் :ஆர்ஓ, --மவுண்ட் என்றால் ரீட்ஒன்லி சேர்க்கத் தவறாதீர்கள்.

"அனுமதி மறுக்கப்பட்டது" என்று வருகிறது. கோப்பு என்னுடையதுதானே?

கெர்னல் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. ஹோஸ்டில் உங்கள் எண் 1000, உள்ளே செயலி 999 என்ற எண்ணில் ஓடுகிறது என்றால் இருவரும் வேறு ஆட்கள். --யூசர் 1000:1000 கொடுத்து எண்ணைப் பொருத்துங்கள். செயலி ரூட்டாக ஓடினால் சிக்கல் தலைகீழாகும்: உள்ளே உருவான கோப்புகள் ஹோஸ்டில் ரூட்டின் உடைமையாகிவிடும், உங்களால் அழிக்க முடியாது.

ரூட் இல்லாத பாட்மேனில் கணக்கு இன்னொரு படி நகர்கிறது. உள்ளே எண் 0 என்பது வெளியே நீங்கள். உள்ளே 1 முதல் உள்ளவை /எட்சி/சப்யுஐடி கோப்பில் உங்களுக்கு ஒதுக்கிய எண்களுக்குப் போகும். ஒதுக்கீடு 100000இல் தொடங்கினால், உள்ளே 999 எழுதிய கோப்பு வெளியே 100998 என்று தெரியும். பயப்பட வேண்டாம், பாட்மேன் அன்ஷேர் என்று முன்னால் சேர்த்து எந்தக் கட்டளை கொடுத்தாலும் அந்த எண் வரைபடத்துக்குள் நின்று கோப்பை மாற்றலாம், நீக்கலாம். --யூசர்என்எஸ் கீப்-ஐடி கொடுத்தால் உங்கள் எண் உள்ளேயும் அதே எண்ணாக இருக்கும்.

ஃபெடோரா போன்ற, எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கும் கணினிகளில் எண் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படும். பாதையின் கடைசியில் பெரிய எழுத்தில் :இசட் சேருங்கள். கோப்புறைக்குப் புது முத்திரை விழும். வீட்டுக் கோப்புறை முழுவதற்கும் இதைச் செய்துவிடாதீர்கள். மற்ற செயலிகள் தடுமாறும்.

நினைவக வரம்பு போட்டும் அதிகம் எடுக்கிறதே?

--மெமரி 512எம் மட்டும் கொடுத்தால், ஹோஸ்டில் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடம்) இருக்கும் பட்சத்தில் இன்னொரு 512 மெகாபைட் ஸ்வாப்பும் அனுமதிக்கப்படும். --மெமரி-ஸ்வாப்புக்கும் அதே 512எம் கொடுத்தால் ஸ்வாப் கிடையாது. வரம்பைத் தாண்டினால் கெர்னல் புராசஸைக் கொல்லும், 137 வரும். டாக்கர் இன்ஸ்பெக்ட் வெளியீட்டில் ஊம்கில்டு என்ற வரி உண்மை என்று இருந்தால் காரணம் உறுதி.

உள்ளே ஃப்ரீ கட்டளை கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அது ஹோஸ்டின் மொத்த நினைவகத்தையே காட்டும். வெளியிலிருந்து டாக்கர் ஸ்டாட்ஸ் பாருங்கள். தரவுத்தளமோ தலையில்லா பிரவுசரோ விசித்திரமாக உடைந்தால், பகிர்நினைவகமான /டெவ்/எஸ்எச்எம் இயல்பில் 64 மெகாபைட் மட்டுமே என்பதை நினைவில் வைத்து --எஸ்எச்எம்-சைஸ் கூட்டிப் பாருங்கள்.

கண்டெய்னருக்குள் ஓடினால் பாதுகாப்புதானே?

எந்தக் கதவுகளைத் திறந்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. டாக்கர் இயல்பாகவே ரூட்டின் அதிகாரங்களில் 14 கேபபிலிட்டிகளை மட்டும் விட்டுவைக்கிறது, செக்காம்ப் வடிகட்டியால் ஆபத்தான சிஸ்டம் கால்கள் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகள்) பலவற்றைத் தடுக்கிறது. இந்த உழைப்பையெல்லாம் --பிரிவிலேஜ்டு என்ற ஒரே சொல் வீணாக்கிவிடும். பிழை வந்தால் முதலில் அதைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள். டாக்கருக்குக் கட்டளைகள் போகும் வழியான டாக்கர் சாக்கெட்டை உள்ளே பொருத்துவதும் ஹோஸ்டின் ரூட்டைக் கையில் கொடுப்பதற்குச் சமம். உள்ளிருந்தே இன்னொரு கண்டெய்னரை உருவாக்கி ஹோஸ்டின் வேர்க் கோப்புறையை அதில் பொருத்திக்கொள்ளலாம். ஒரு பயனரை டாக்கர் குழுவில் சேர்ப்பதும் அதே கணக்குதான்.

எங்கள் பரிந்துரை இறுக்கத்தில் தொடங்கித் தளர்த்துவது:

டாக்கர் ரன் --ஆர்எம் --யூசர் 1000:1000 --கேப்-டிராப் ஆல் --செக்யூரிட்டி-ஆப்ட் நோ-நியூ-பிரிவிலேஜஸ் --ரீட்-ஒன்லி --டிஎம்பிஎஃப்எஸ் /டிஎம்பி --பிட்ஸ்-லிமிட் 100 --மெமரி 512எம் --நெட்வொர்க் நன் செயலி:1.2

இதில் செயலி உடைந்தால் அது எதைக் கேட்டு உடைகிறது என்பதை லாக்கில் படித்து, அந்த ஒன்றை மட்டும் திறங்கள். எழுத இடம் கேட்டால் அந்தக் கோப்புறைக்கு ஒரு வால்யூம். நெட்வொர்க் கேட்டால் தனி நெட்வொர்க். இப்படி அரைமணி நேரம் செலவழித்தால், உங்கள் செயலிக்கு உண்மையில் என்னென்ன தேவை என்ற பட்டியலும் கைக்கு வந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் கெர்னல் பொதுவானது. 2019இல் வெளியான சிவிஇ-2019-5736 என்ற ஓட்டை, கண்டெய்னருக்குள் ரூட்டாக ஓடிய நிரல் கண்டெய்னர்களைத் தொடங்கும் ஹோஸ்டின் ரன்சி நிரலையே மேலெழுத வழிசெய்தது. முற்றிலும் நம்பிக்கையற்ற நிரலை ஓட்ட வேண்டுமென்றால், சிஸ்டம் கால்களைத் தானே இடைமறிக்கும் ஜிவைசர், அல்லது ஒவ்வொரு கண்டெய்னரையும் இலகுவான மெய்நிகர் கணினிக்குள் வைக்கும் காட்டா ஆகியவற்றை --ரன்டைம் விருப்பத்தால் இணையுங்கள்.

கடவுச்சொல்லைச் சூழல் மாறியாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். டாக்கர் இன்ஸ்பெக்ட் கொடுக்கும் எவருக்கும் அது தெரியும். கட்டளையிலேயே தட்டினால் ஷெல் வரலாற்றிலும் பதியும். கோப்பில் எழுதி, படிக்க மட்டும் அனுமதித்துப் பொருத்துங்கள். போஸ்ட்கிரெஸ் இமேஜ் போன்றவை, மாறிப் பெயரின் கடைசியில் பெரிய எழுத்தில் _ஃபைல் சேர்த்துக் கோப்பின் பாதையைக் கொடுக்க வசதி தருகின்றன. --என்வி-ஃபைல் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனியுங்கள்: டாக்கர் ரன் அந்தக் கோப்பின் மேற்கோள் குறிகளை நீக்காது, மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். சரியான கடவுச்சொல் தவறு என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

வட்டு நிரம்பிவிட்டது. எதை நீக்குவது?

டாக்கர் சிஸ்டம் டிஎஃப் கொடுத்து எது தின்கிறது என்று பாருங்கள். டாக்கர் சிஸ்டம் ப்ரூன், நின்ற கண்டெய்னர்களையும் பெயரற்ற இமேஜ்களையும் பில்டு கேஷையும் நீக்கும், வால்யூம்களைத் தொடாது. தேவைப்பட்டு நிறுத்திவைத்த கண்டெய்னரும் இதில் போய்விடும், எனவே பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பட்டியலில் வராத திருடன் லாக். இயல்பான லாக் முறைக்கு அளவு வரம்பே இல்லை. பேசிக்கொண்டே இருக்கும் செயலி பல கிகாபைட் எழுதிவிடும். ரன்னில் --லாக்-ஆப்ட் மேக்ஸ்-சைஸ்=10எம் --லாக்-ஆப்ட் மேக்ஸ்-ஃபைல்=3 சேருங்கள். டாக்கரின் பொது அமைப்புக் கோப்பிலும் எழுதலாம், ஆனால் அதன் பிறகு உருவாகும் கண்டெய்னர்களுக்குத்தான் செல்லும்.

லேட்டஸ்ட் என்ற டேக் எப்போதும் புதியதா?

இல்லை. டேக் எதுவும் எழுதாவிட்டால் டாக்கர் எடுத்துக்கொள்ளும் பெயர் அது, அவ்வளவே. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்தால் ரன் பழையதையே ஓட்டும். பதிப்பு எண்ணை எழுதுங்கள். அசையவே கூடாது என்றால், இமேஜின் கைரேகை போன்ற 64 எழுத்து ஷா256 டைஜெஸ்டைக் குறிப்பிடுங்கள்.

ஆல்பைன் இமேஜில் பாஷ் இல்லையா?

இல்லை, எஸ்எச் கொடுங்கள். ஆல்பைனில் ஜிலிப்சி என்ற சி நூலகத்துக்குப் பதில் மசல் இருக்கிறது. வெளியே கம்பைல் செய்த நிரலைக் கொண்டுபோய் வைத்தால் ஓடாமல் போகலாம். "எக்ஸெக் ஃபார்மட்" பிழை வந்தால் அது வேறு: ஆர்ம் இமேஜை இன்டெல் கணினியில் ஓட்டுகிறீர்கள், அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரியில் அதை இயக்கும் நிரலின் பெயர் இல்லை.

வெளியேறியதும் என் பாட்மேன் கண்டெய்னர்கள் நின்றுவிடுகின்றன.

ரூட் இல்லாத கண்டெய்னர்கள் உங்கள் உள்நுழைவைச் சார்ந்தவை. கடைசி உள்நுழைவு முடிந்ததும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அவற்றையும் முடித்துவிடும். லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று ஒருமுறை கொடுத்தால் தொடர்ந்து ஓடும். ரூட்டின் அதிகாரம் இல்லாததால், 1024க்குக் கீழான போர்ட்டையும் இயல்பாகத் திறக்க முடியாது. 80க்குப் பதில் 8080 வைத்து, முன்னால் ஒரு பிராக்ஸி நிறுத்துங்கள்.